சங்கு நண்டு கரையிலேயே இருக்கட்டும்

ராமேஸ்வரம் போய்வரும் எங்கள் சேலத்து இளம்பிள்ளை ஊர்க்காரர்கள் சிலர் சங்கு நண்டைப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஈரப் பஞ்சும் நாலு பருக்கைச் சோறும் போதும் என்கிறார் பக்கத்துத் தறிக்கூடத்து அக்கா. கண்ணாடித் தொட்டி வேண்டும் என்கிறான் என் மகன். நான் அவன் பக்கம். தரையில் திரிந்தாலும் அது மூச்சு விடுவது செவுளால்தான். சேலத்து வெயிலில் செவுள் காய்ந்தால் திணறித்தான் சாகும். நல்ல தண்ணீர், கடல் உப்புத் தண்ணீர் இரண்டும் குளோரின் இல்லாமல் வேண்டும். தோலுரிக்க, உடல் முழுக்கப் புதையும் ஆழத்துக்கு ஈரமணல் வேண்டும். வாரக்கணக்கில் உள்ளேயே கிடப்பதைச் செத்துவிட்டதென்று தோண்டி எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமே வருகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள்கூட வாழக்கூடிய உயிர் அது! முடியாதவர்கள் கரையிலேயே விட்டு வாருங்கள். காலிச் சங்குகளையும் அள்ளி வராதீர்கள், வளரும் நண்டுகளுக்கு அவை தேவை.