நெல் (கணினித் திட்டம்)

இக்கட்டுரை கணினித் திட்டம் பற்றியது. தானியம் பற்றி அறிய நெல் கட்டுரையைப் பார்க்கவும்.

நெல் என்பது இணையப் பக்கங்களைத் தானே வாசித்து அறிவைச் சேர்க்குமாறு உருவாக்கப்பட்ட கணினி முறைமை ஆகும். "முடிவிலா மொழிக் கற்றல்" எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே இது. ஐக்கிய அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் தலைமையிலான குழு 2010 சனவரியில் இதனை இயக்கத் தொடங்கியது. 1984 இல் டக்ளஸ் லெனாட் தொடங்கிய சைக் திட்டத்தில் பொது அறிவைப் பெரும்பாலும் மனிதர்களே உள்ளிட்டு வந்தனர். அவ்வேலையைக் கணினியிடமே விட முடியுமா என்பதே நெல் எழுப்பிய கேள்வி.

கற்கும் முறை

நகரம், நிறுவனம், விளையாட்டு அணி எனப் பல நூறு வகைகளும் தொடர்புகளும், ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 எடுத்துக்காட்டுகளும் தொடக்கத்தில் தரப்பட்டன. வாசிக்க ஏறத்தாழ 50 கோடி வலைப்பக்கங்கள் இருந்தன. தெரிந்த நகரங்களின் பெயர்கள் "இன்ன ஊரின் மேயர்" என்ற தொடரில் வருவதைக் கண்டால், அதே தொடரில் வரும் புதிய பெயரையும் நகரமாக நெல் கருதும். நகரமாக உள்ள ஒன்று மனிதராக இருக்க இயலாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் தவறான ஊகங்களை ஓரளவு வடிகட்டின.

பிழைகளின் பெருக்கம்

முதல் 67 நாட்களில் ஏறத்தாழ 2,42,000 கூற்றுகள் சேர்ந்தன. அவற்றுள் சுமார் 74 விழுக்காடு சரியானவை என மதிப்பிடப்பட்டது. எனினும் இச்சராசரி உண்மை நிலையை மறைக்கிறது. முதல் மூன்றிலொரு பங்குச் சுற்றுகளில் 90 விழுக்காடாக இருந்த துல்லியம் கடைசிப் பங்கில் 57 ஆகச் சரிந்தது. காரணம் எளிது: தான் ஊகித்ததையே நெல் அடுத்த பாடமாகக் கொண்டது.

புகழ்பெற்ற எடுத்துக்காட்டு குக்கி. ஆங்கிலத்தில் இச்சொல் தின்பண்டத்தையும், உலாவி சேமிக்கும் சிறு தரவையும் குறிக்கும். இணையக் குக்கிகளை அடுமனைப் பண்டமாக நெல் வகைப்படுத்தியது. குக்கிகளை அழித்ததாக எழுதுவோர் கோப்புகளை அழித்ததாகவும் எழுதுவதால், கணினிக் கோப்புகளும் அடுமனைக்குள் சென்றுவிட்டன! 2010 சூன் முதல் ஆய்வாளர்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை, வகை ஒன்றுக்கு ஐந்து நிமிடம் செலவிட்டு, வெளிப்படையான பிழைகளைத் திருத்தலாயினர்.

இன்றைய நிலை

இன்றைய பெரும் மொழி மாதிரிகள் வேறு வழியில், அடுத்து வரும் சொல்லை ஊகித்துக் கற்கின்றன. ஆயினும் பழைய சிக்கல் அகலவில்லை. மாதிரிகள் எழுதிய உரையையே மீண்டும் மீண்டும் மாதிரிகளுக்குப் புகட்டினால், அரிதான செய்திகள் முதலில் மறைந்து தரம் குலைவதை நேச்சர் இதழில் 2024 இல் வெளியான ஆய்வு காட்டியது. இணையத்தில் இயந்திர உரை பெருகிவரும் காலத்தில் இது சிறிய செய்தி அன்று. நெல்லில் ஒவ்வொரு கூற்றுக்கும் நம்பக அளவும் மூலமும் பதிவாகி இருந்தன. தவறான ஒன்றைத் தேடிப் பிடித்து நீக்க முடிந்தது. மொழி மாதிரியிலோ அறிவு கோடிக்கணக்கான எண்களில் பரவிக் கிடக்கிறது. ஒரு தவறு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது எனக் காண்பதே கடினம்.