விரிவுரை மண்டபத்தின் பின்வரிசை: சப்ரகமுவ தோட்டத்து மாணவர்களும் தொழில்நுட்பமும்

பல்கலைக்கழக விரிவுரைகளில் மாணவர்களின் ஈடுபாடு குறைந்துவிட்டது என்ற கவலை இலங்கையிலும் பரவலாகக் கேட்கிறது. ஸ்மார்ட் போர்ட், கைப்பேசியிலிருந்தே பதில் அனுப்பும் மென்டிமீட்டர், கஹூட் போன்ற செயலிகள் என்று தீர்வுகளும் முன்வைக்கப்படுகின்றன. இவை தேவையா இல்லையா என்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஈடுபாடு இல்லாத மாணவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்?

இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது சப்ரகமுவ பல்கலைக்கழகம். 1995 இல் பல்கலைக்கழகமான இதைச் சுற்றியுள்ள மாகாணத்தில்தான் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை தேயிலை, இறப்பர் தோட்டங்களும் இருக்கின்றன. வடக்கில் வாழும் வாசகர்கள் பலருக்கு இந்த ஊர்ப் பெயர்கள் புதியவை அல்ல. 1977, 1981, 1983 வன்செயல்களில் இந்தத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பின்னர் போரையும் சுமந்தன. அங்கேயே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்களப் பெரும்பான்மைக்கு நடுவே சிதறிய சிறிய தமிழ்ப் பாடசாலைகளில் படிக்கிறார்கள்.

அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருவது இலகுவல்ல. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. எந்த ஒதுக்கீடும் மாவட்டத்தைப் பார்க்கிறதே தவிர, லயனைப் பார்ப்பதில்லை. தோட்டத்துப் பிள்ளை நகரத்தின் பெரிய பாடசாலைப் பிள்ளையோடு ஒரே பட்டியலில் நின்றுதான் இடம்பிடிக்க வேண்டும்.

அப்படி இடம்பிடித்து வருபவரை வரவேற்பது பெரும்பாலும் ஆங்கில மொழி விரிவுரை. உயர்தரம் வரை தமிழில் படித்தவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். சுற்றியிருப்பவர்கள் சிங்களத்தில் சந்தேகம் தீர்த்துக்கொள்கிறார்கள். ஊடகக் கற்கை மாணவியாக இருந்தபோது இந்தப் பின்வரிசையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விரிவுரையாளர் “ஏதாவது கேள்வி இருக்கிறதா?” என்று கேட்பார். மண்டபம் அமைதியாக இருக்கும். விரிவுரை முடிந்து வெளியே வந்த பிறகு, படிக்கட்டில் நின்றபடி தமிழில் நல்ல கேள்விகள் வரும். ஆர்வம் இருந்தது. இலக்கணப் பிழையோடு பேசி நூறு பேர் முன் சிரிப்புக்கு ஆளாகிவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பங்கேற்புத் தொழில்நுட்பத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 இல் தன் வகுப்பில் ஒரு முறையைத் தொடங்கினார். சிறிது நேரம் விளக்கிய பின் ஒரு பல்தேர்வு வினா. மாணவர்கள் முதலில் தனியாக விடை சொல்ல வேண்டும். விடைகள் பிரிந்து நின்றால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மீண்டும் விடை சொல்ல வேண்டும். விடை சொல்ல எழுந்து நிற்கவோ, பேசவோ தேவையில்லை. யாருக்கு விளங்கவில்லை என்பது விரிவுரையாளருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சித்தியடையாதோர் சராசரியாக 33.8 சதவீதம்; மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 சதவீதம். 2020 இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பாய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. பங்கேற்பு முறை வந்தபோது, சிறுபான்மை மற்றும் வறிய மாணவர்களுக்கும் ஏனையோருக்கும் இடையிலான பரீட்சைப் புள்ளி இடைவெளி மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி பங்கேற்புக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில்தான் இடைவெளி குறைந்தது. எப்போதாவது ஒரு கேள்வி கேட்டால் போதாது.

அப்படியென்றால் எல்லோர் கையிலும் கைப்பேசியும் டேட்டாவும் வேண்டுமா? கொவிட் காலம் இதற்கு ஒரு பாடம் தந்தது. அப்போது லேர்ன் வலையமைப்பினூடாக அரச பல்கலைக்கழக மாணவர்களுக்கு இணையவழி விரிவுரைகள் இலவசமாகக் கிடைத்தன. ஆனால் இலவச டேட்டா சிக்னலைக் கொண்டுவரவில்லை. சிக்னல் தேடி மலையிலும் மரத்திலும் ஏறிய மாணவர்களின் படங்களை நாடே பார்த்தது. ஒரு கைப்பேசியைச் சகோதரர்கள் பகிர்ந்துகொண்ட வீடுகளும் இருந்தன. நல்ல கைப்பேசி உள்ளவருக்கு மட்டும் குரல் தரும் வகுப்பு, பழைய பின்வரிசையை வேறொரு வடிவத்தில் திரும்ப உருவாக்கும்.

இதற்கு மலிவான வழி இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த நத்தானியேல் லாஸ்ரி, மின்னணுப் பதில் கருவியையும் சாதாரண அட்டையையும் ஒப்பிட்டு 2008 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர் கற்றுக்கொண்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கற்பித்தது கருவியல்ல, கேள்வியும் விவாதமும்தான். ஏ, பி, சி, டி என்று எழுதிய நான்கு அட்டைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தால் விரிவுரையாளருக்கு மட்டுமே விடை தெரியும். பிளிக்கர்ஸ் என்ற செயலியில் மாணவரிடம் அச்சிட்ட அட்டை இருந்தால் போதும். விரிவுரையாளர் தன் ஒரே கைப்பேசியால் வகுப்பு முழுவதையும் படித்துவிடலாம்.

அட்டையைவிட முக்கியமானது மொழி. திரையில் வரும் வினாவை ஆங்கிலத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் காட்டுவதற்கு ஒரு ரூபாயும் செலவாகாது. பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியில் விவாதித்தாலும் சரி என்று விரிவுரையாளர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கட்டும்; விளங்கிக்கொள்ளும் அந்த 2 நிமிடமாவது தாய்மொழியில் இருக்கட்டும். பெலிஹுல்ஓயாவுக்கு மட்டுமல்ல, தெற்கின் பல்கலைக்கழகங்களுக்கு வடக்கு, கிழக்கிலிருந்து செல்லும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

கொழுந்துக் கூடையும் பால் வெட்டும் கத்தியும் சுமந்த கைகள்தான் தோட்டத்துப் பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பி வைத்தன. முதலாம் ஆண்டில் அந்தப் பிள்ளை தவறினால் ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு வீணாகும். அதனால் புதிய திரைகளுக்கு நிதி கேட்கும் பீடங்களிடம், மாணவர் சங்கங்களும் மலையகப் பிரதிநிதிகளும் ஒரு கணக்கைக் கேட்க வேண்டும்: பரீட்சை முடிவுகளை மொழிமூலத்தின்படி பிரித்துப் பார்க்கிறீர்களா? யார் பின்தங்குகிறார்கள் என்பது தெரியாமல் வாங்கும் எந்தத் திரையும் முன்வரிசைக்கு மட்டுமே பயன்படும்.