பேசிப் பிரியட்டும், முத்திரை நீதிமன்றத்தில் விழட்டும்

திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டை போன்ற ஊர்களில் ஒரு கல்யாணம் முறிந்தால் விஷயம் முதலில் ஊர்ப் பெரியவர்களிடமோ பள்ளிவாசல் ஜமாஅத்திடமோதான் போகும். அங்கே பைசல் ஆகாவிட்டால் மகளிர் காவல் நிலையம். அதற்கும் மேல் திண்டுக்கல்லில் வக்கீல், வழக்கு, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பிரிவதென்று இருவருமே முடிவுசெய்துவிட்ட பிறகு இந்த அலைச்சல் வீண். பேசித் தீர்த்துக்கொண்டு பிரிவதே மேல். ஆனால் நம் ஊர்களில் இன்று நடக்கும் பேச்சு அதற்குப் போதாது.

முதல் குறை, வாழப்போகும் பெண்ணே அங்கு இருப்பதில்லை. அப்பா, அண்ணன், தாய்மாமன் பேசி முடித்துவிட்டு வந்து அவளிடம் சொல்வார்கள். புதுக்கோட்டையில் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஷரீபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தைத் தொடங்கியது இந்தக் குறையினால்தான்.

இரண்டாவது குறை, எழுதி வாங்கும் காகிதம். முத்திரைத்தாளில் 'விடுதலைப் பத்திரம்' எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு அத்துவிட்டதாக நினைக்கிறார்கள். இந்துத் திருமணத்தில், சமூக வழக்கம் அதற்கு இடம் தருகிறது என்று நிரூபித்தால் ஒழிய அந்தப் பத்திரம் செல்லாது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டவர் வழக்கில் மாட்டுவார். முஸ்லிம் திருமணத்திலும் இதே கதைதான். கணவன் சொல்லும் தலாக்குக்குக் காஜி தரும் சான்று வெறும் கருத்துதான் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் சொன்னது. குலா, அதாவது மனைவி கோரும் மணவிலக்கு, கேட்கும் பெண் குடும்பநல நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும், தனியார் ஷரீஅத் கவுன்சில் தரும் சான்று செல்லாது என்று அதே நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் கோர்ட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே, ஊர்ப்பேச்சு கட்டப்பஞ்சாயத்தாகத்தானே முடிகிறது என்று சிலர் கேட்கலாம். சட்டமே பேச்சுக்குத்தான் முதலிடம் தருகிறது. சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்கிறது 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலில் 2005இல் திறக்கப்பட்டது சென்னை உயர்நீதிமன்றத்தில்தான். ஓராண்டு பிரிந்து வாழ்ந்த இந்துத் தம்பதியர் இருவரும் சேர்ந்தே மனுப் போடலாம். அதற்குப் பிறகு உள்ள 6 மாதக் காத்திருப்பையும், எல்லாம் பேசித் தீர்ந்திருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஆகவே சண்டையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். உடன்பாட்டைக் கொண்டுபோனால் போதும்.

அந்த உடன்பாடு முழுமையாக இருக்க வேண்டும். சீராக வந்த பீரோ, கட்டில், பாத்திரம் யாருக்கு, அடகில் இருக்கும் நகையை மீட்பது யார், முஸ்லிம் கணவன் மனைவிக்குத் தர வேண்டிய மஹர் கொடுத்தாயிற்றா, மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு ஜீவனாம்சம், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும், பெருநாளுக்கும் பொங்கலுக்கும் யார் வீட்டில் இருக்கும் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டது ஒவ்வொன்றும் பின்னால் வழக்காகும்.

அடி, உதை, மிரட்டல் உள்ள வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது. பயந்துகொண்டு போடும் கையெழுத்து உடன்பாடாகாது. அங்கே சட்டத்தின் பாதுகாப்புதான் முதலில் வேண்டும்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாதம் ஒரு நாள் பேரூராட்சி அலுவலகங்களிலேயே சமரச அமர்வு நடத்த வேண்டும். பயிற்சி பெற்ற சமரசர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் என்பதை அலுவலக வாசலில் எழுதி வைக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களும் ஜமாஅத்தும் ஒரு விதியை இன்றே ஏற்கலாம்: பெண் நேரில் வந்து தன் வாயால் சொல்லாமல் எந்தப் பைசலும் இல்லை.