ஒரு வயருக்கு 13 வருடப் பஞ்சாயத்து

ஐரோப்பாவில் சராசரியாக ஒருவரிடம் மூன்று செல்போன் சார்ஜர்கள் இருக்கின்றன. அவர் பயன்படுத்துவது அதில் இரண்டைத்தான். மூன்றாவது எங்கோ ஒரு டிராயரில் தூங்குகிறது. இத்தனை இருந்தும், கையில் கிடைத்த சார்ஜர் போனில் பொருந்தாமல் ஒரு முறையாவது திண்டாடியிருப்பதாக நூற்றுக்கு 38 பேர் சொன்னார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், 2021-ல் இந்தக் கணக்கைச் சொன்னது. கூடவே இன்னும் இரண்டு கணக்குகள். தூக்கி எறியப்படும், பயன்படாமல் கிடக்கும் சார்ஜர்களால் சேரும் குப்பை ஆண்டுக்கு 11,000 டன். போனோடு வராமல், தனியாக சார்ஜர் வாங்க மக்கள் செலவழிப்பது ஆண்டுக்கு 240 கோடி யூரோ.

'எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது' என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அதைச் சட்டமாக்க ஐரோப்பாவுக்கு 13 வருடங்கள் ஆயின.

முப்பதிலிருந்து மூன்று

2009-ல் ஐரோப்பியச் சந்தையில் 30 வகைக்கு மேல் சார்ஜர்கள் இருந்தன. குண்டு பின், ஒல்லி பின், பட்டை முனை என்று கம்பெனிக்கு ஒன்று. சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு போன்களுக்கு இரண்டு. புது போன் வாங்கினால் பழைய சார்ஜர் குப்பைக்கு.

ஆணையம் அப்போது சட்டம் போடவில்லை. 'நீங்களே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் சட்டம் வரும்' என்று கம்பெனிகளிடம் சொன்னது. நோக்கியா, சாம்சங், ஆப்பிள் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மைக்ரோ யூஎஸ்பி என்ற முனை பொதுவானதாகத் தேர்வானது.

பலன் கிடைத்தது. 30 என்பது சில ஆண்டுகளில் மூன்றாகக் குறைந்தது. ஆனால், அதற்குக் கீழே இறங்கவில்லை.

காரணம், ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சந்து. போனிலேயே பொது முனை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இடையில் மாட்ட ஓர் அடாப்டர் கொடுத்தாலும் போதும். ஆப்பிள் அந்த வழியில் போனது. 2012-ல் லைட்னிங் என்ற தன் சொந்த முனையைக் கொண்டுவந்தது. நியாயமாகச் சொன்னால், அது நல்ல முனை. மைக்ரோ யூஎஸ்பியை இருட்டில் மாட்ட முயன்றவர்களுக்குத் தெரியும், எப்போதும் தலைகீழாகத்தான் கையில் வரும். லைட்னிங்கை எந்தப் பக்கம் வைத்தும் மாட்டலாம். ஆனால், அதற்கான கேபிளை வெளியார் முறைப்படி தயாரித்து விற்க, ஆப்பிளிடம் உரிமம் வாங்க வேண்டும்.

எல்லை தாண்டிய செல்போன்

கம்பெனிகள் கூடிப் பேசிப் பொதுவான முறைக்கு வருவது ஐரோப்பாவில் நடக்காத விஷயமல்ல. செல்போனே அப்படி வந்ததுதான்.

1980-களில் அங்கே நாட்டுக்கு ஒரு மொபைல் முறை இருந்தது. நார்டிக் நாடுகளுக்கு ஒன்று, பிரிட்டனுக்கு ஒன்று, மேற்கு ஜெர்மனிக்கு ஒன்று, பிரான்ஸுக்கு ஒன்று. ஜெர்மனியில் வாங்கிய கார் போன் பிரான்ஸுக்குள் நுழைந்தால் வெறும் டப்பா. பொதுவான முறையை உருவாக்க 1982-ல் ஒரு குழு அமைந்தது. 1987-ல் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் தொலைபேசி நிர்வாகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கான அலைவரிசையை எல்லா நாடுகளும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று அதே ஆண்டில் ஐரோப்பியச் சட்டமும் வந்தது. 1991 ஜூலை 1 அன்று, பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, தாம்பெரே நகரத் துணை மேயரை அந்தப் புதிய முறையில் போனில் அழைத்தார். அதுதான் ஜிஎஸ்எம். இந்தியாவில் 1995-ல் தொடங்கிய செல்போன் சேவையும் அதே ஜிஎஸ்எம்தான்.

ஜிஎஸ்எம் விஷயத்தில் பொது முறை வந்தால் எல்லோருக்கும் சந்தை பெரிதாகும். அதனால் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். சார்ஜரில் நிலைமை வேறு. முனை தனியாக இருப்பதாலேயே ஒருவருக்கு வருமானம் வந்தது. அந்த இடத்தில் சமரசப் பேச்சு நின்றுவிட்டது. 2018-ல் கம்பெனிகள் இன்னொரு தன்னார்வ ஒப்பந்தத்தோடு வந்தன. 'இது போதாது' என்று ஆணையம் திருப்பி அனுப்பியது.

602 ஓட்டு

2021 செப்டம்பரில் ஆணையம் சட்ட வரைவை வெளியிட்டது. பொது முனையாக யூஎஸ்பி-சி தேர்வானது. கடையில் 'டைப்-சி' என்று கேட்டு வாங்கும் அதே முனைதான். 2022 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஆதரவு 602, எதிர்ப்பு 13.

2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், கையடக்க ஸ்பீக்கர் போன்றவற்றை வயர் மூலம் சார்ஜ் செய்வதானால், அதில் யூஎஸ்பி-சி இருக்க வேண்டும். லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 வரை அவகாசம்.

முனையின் வடிவத்தோடு சட்டம் நிற்கவில்லை. 'எங்கள் சார்ஜர் போட்டால்தான் வேகமாக ஏறும்' என்பது கம்பெனிகளின் இன்னொரு பூட்டு. வேகமாக சார்ஜ் ஆகும் கருவிகள், பொதுவான முறையிலும் வேகமாக ஏற வேண்டும் என்று சட்டம் சொன்னது. சார்ஜரோடு விற்கும் போனை, சார்ஜர் இல்லாமலும் விற்க வேண்டும். டப்பாவுக்குள் சார்ஜர் இருக்கிறதா என்பது மேலேயே படமாகத் தெரிய வேண்டும்.

ஆப்பிள் சொன்னதில் நியாயம் உண்டா?

'ஒரே முனை என்று கட்டாயப்படுத்தினால் புதிய கண்டுபிடிப்புகள் முடங்கிவிடும்' என்பது ஆப்பிளின் வாதம். தன் லாபத்துக்காகச் சொன்னது என்று அதைச் சுலபமாக ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. 2009-லேயே ஐரோப்பா சட்டம் போட்டிருந்தால், அந்தச் சட்டத்தில் மைக்ரோ யூஎஸ்பி என்றுதான் எழுதியிருப்பார்கள். இருட்டில் மாட்ட முடியாத அந்த முனையே கட்டாயம் ஆகியிருக்கும். யூஎஸ்பி-சி வெளியானது 2014-ல்தான்.

சட்டம் எழுதியவர்களும் இதை யோசித்தார்கள். நாளை இதைவிட நல்ல முனை வந்தால், முழுச் சட்டத்தையும் மறுபடி நிறைவேற்றாமல் தொழில்நுட்பப் பகுதியை மட்டும் ஆணையம் மாற்றலாம். வயர் இல்லாத சார்ஜிங்கை இப்போதைக்குக் கட்டிப்போடாமல் விட்டுவைத்தார்கள். ஆனாலும் ஆப்பிளின் கவலை முழுதாகத் தீரவில்லை. ஒரு கம்பெனி புது முனையைச் சந்தையில் இறக்கி, மக்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கும் சுதந்திரம் குறைந்துவிட்டது. இனி முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும். வீட்டுச் செலவும் குப்பையும் குறைய ஐரோப்பா கொடுத்த விலை அது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யூஎஸ்பி-சியை வடிவமைத்த பல நிறுவனங்களில் ஆப்பிளும் ஒன்று. 2015-லேயே தன் மேக்புக் லேப்டாப் ஒன்றில் சார்ஜ் ஏற்ற யூஎஸ்பி-சி மட்டுமே வைத்தது. ஐபோனுக்கு மட்டும் மனம் வரவில்லை. சட்டம் நிறைவேறிய அதே அக்டோபரில், 'கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும்' என்று ஆப்பிளின் உயரதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்டார்.

ஸ்ரீபெரும்புதூர் வரை

சட்டம் ஐரோப்பாவுக்குத்தான். ஆனால் 45 கோடி பேர் இருக்கும் சந்தைக்கு ஒரு போன், மற்றவர்களுக்கு வேறு போன் என்று தயாரிப்பது கட்டுப்படியாகாது. 2023 செப்டம்பரில் வெளியான ஐபோன் 15, உலகம் முழுவதற்கும் யூஎஸ்பி-சியோடுதான் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்பட்ட ஐபோன் 15-லும் அதே ஓட்டைதான். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் கை தூக்கிய 602 பேரில் ஒருவருக்கும் இந்த ஊரில் ஓட்டு கேட்கும் வேலை இல்லை. ஆனாலும் இங்கே அசெம்பிளி லைனில் எந்தப் பாகம் பொருத்தப்பட வேண்டும் என்பதை அவர்கள் ஓட்டு முடிவு செய்தது. இப்படி ஐரோப்பாவின் விதி உலக விதியாகிவிடுவதற்கு, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் அனு பிராட்ஃபோர்டு 'பிரஸ்ஸல்ஸ் விளைவு' என்று பெயர் வைத்தார்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. யூஎஸ்பி-சிக்கான தரத்தை இந்திய தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் வெளியிட்டது.

சுவரில் இருக்கும் ஓட்டை

கேபிளின் ஒரு முனை இப்படி ஒன்றானது. மறுமுனையில் இருக்கும் சார்ஜரைச் சுவரில் செருக வேண்டுமே! அந்த ஓட்டை ஐரோப்பாவில் இன்னும் ஒன்றாகவில்லை. ஜெர்மனிக்கு ஒரு வடிவம், டென்மார்க்குக்கு ஒரு வடிவம், இத்தாலிக்கு ஒரு வடிவம். அயர்லாந்து, சைப்ரஸ், மால்டாவில் பிரிட்டன் பாணியில் பட்டையான மூன்று பின். போனைச் சில வருடங்களில் மாற்றிவிடுவார்கள். வீட்டுச் சுவரை அப்படி மாற்ற முடியாது. பொது முறை என்பதை, பொருள் சுவருக்குள் போவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

ஒரே சார்ஜர் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்னின்று நடத்தியவர் அலெக்ஸ் அஜியஸ் சலிபா என்ற உறுப்பினர். அவருடைய ஊர் மால்டா. அங்கிருந்து ஒரு சார்ஜரை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போகிறவர், கூடவே ஓர் அடாப்டரையும் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.