கண்ணை மூடிக்கொண்டது பூனையல்ல

பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். சிங்கப்பூரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது பூனையல்ல, விதி. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். தடை இருப்பதால் பூனையும் இருக்காது என்பது ஏட்டுக் கணக்கு. ஏதாவது ஒரு புளோக்கின் கீழே நின்று சாயங்காலம் அண்ணாந்து பார்த்திருந்தால், எங்காவது ஒரு சன்னலில் இரண்டு காதுகள் தெரிந்திருக்கும்.

எங்கள் மினுக்கிக்குப் பதினாறு வயதாகிறது. வாழ்நாளில் பெரும்பகுதி சட்டவிரோதமாக இருந்தவள். அது அவளுக்குத் தெரியாது. கேட் கம்பிக்குப் பின்னால் நட்டநடுவில் உட்கார்ந்து, காரிடாரில் வருகிற எதிர்வீட்டு பூடிலை முறைப்பாள். உரிமம் பெற்ற நாய் அது. அதுதான் ஒதுங்கிப் போகும். காலிங்பெல் அடித்தால் பதறியது நாங்கள்தான். "யாரோ வர்றாங்க, உள்ள தூக்கிட்டுப் போ" என்று அம்மா கிசுகிசுப்பார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். நம் கவிதைகளில் பூனை மதில்மேல் உட்கார்ந்து தத்துவம் பேசுகிறது. அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்ட பூனையைப் பற்றி நான் வாசித்ததில்லை.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் இது: பூனையை வீட்டுக்குள் அடக்கிவைப்பது கடினம், வெளியே திரிந்தால் முடி உதிர்க்கும், அசுத்தம் செய்யும், கத்தும். நான் பொறியாளர். ரிப்போர்ட்டில் 'கடினம்' என்று எழுதிக் கொடுத்தால், "சரி, தீர்வு என்ன?" என்றுதான் மேலதிகாரி கேட்பார். தீர்வு, சன்னலுக்கும் கேட்டுக்கும் வலை. அவ்வளவுதான். இன்று பூனை வளர்ப்போருக்குச் சொல்லப்படும் அறிவுரையும் அதேதான். வலை என்ன, 2024இல் கண்டுபிடித்த பொருளா?

அண்டைவீட்டாரின் தொல்லை பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை. நாற்றமும் முடியும் சகிக்க முடியாதவைதான். ஆனால் நாய் குரைத்தால் அதன் உரிமையாளரைக் கேட்கிறோம். மொத்த நாயினத்தையும் வீட்டைவிட்டு விரட்டவில்லை. பூனைக்கு மட்டும் ஏன் இனத்துக்கே தண்டனை?

2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம். மைக்ரோசிப் வேண்டும், உரிமம் வேண்டும், முதன்முறை உரிமம் எடுப்பவர்கள் இணையவழிப் பாடமும் படிக்க வேண்டும். மினுக்கியைக் குட்டியிலிருந்து வளர்த்த அப்பா, பூனை வளர்ப்பது எப்படி என்று மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சிரித்தேன், ஆனால் இந்த ஏற்பாட்டை எதிர்க்கவில்லை. தொலைந்த பூனையை அடையாளம் காண சிப் உதவும். இதெல்லாம் முப்பத்தைந்து வருஷம் கழித்து ஏன் என்பதுதான் என் கேள்வி.

"நல்ல மனசோட அனுமதி கொடுத்துட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கும்பிடு போடுகிறார்கள். மினுக்கிக்கு இப்போது சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. விடாமல் தண்ணீர் குடிக்கிறாள். இரவு மூன்று மணிக்கு ஹாலில் நின்று கத்துகிறாள். வயதான பூனைகள் பல அப்படித்தான். எழுந்து போய் மடியில் எடுத்துக்கொள்கிறோம். தடை நீடித்திருந்தால், முதலில் ஓடிப்போய் சன்னலைச் சாத்தியிருப்போம். அந்தக் கத்தலே எங்களுக்கு எதிரான சாட்சியாகியிருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனை கிழப்பூனைகளின் கடைசி மாதங்கள், அவற்றை நேசித்தவர்களின் பயத்துக்குள்ளேயே கழிந்திருக்கும்? அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

மாறுதல் காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை. உரிமம் எடுங்கள், வலை போடுங்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் தூக்கத்தையும் மதியுங்கள். ஆனால் கும்பிடு வேண்டாம். தாமதமாக வந்ததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இனி ஏதாவது ஒன்றை 'கடினம்' என்று சொல்லித் தடுத்தால், "என்ன செஞ்சு பார்த்தீங்க?" என்று கேளுங்கள். கிசுகிசுக்காமல், மினுக்கி மாதிரி வாசலில் உட்கார்ந்தே கேளுங்கள்.