யாருடைய தேசிய அணி?

கொழும்புத்துறை இறங்குதுறையை அண்டிய வெளியில் மாலை வேளைகளிற் சிறுவர் பந்து உதைப்பது புதியதொரு காட்சியன்று. தந்தையர் கடனீரேரியில் இறாலுக்கும் நண்டுக்கும் வலை விரிக்கும் ஊரிலே, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் இரண்டு கற்களை நாட்டி அவற்றையே கோற் கம்பங்களாகக் கொள்வர். மேற்கே பாசையூர், குருநகர், நாவாந்துறை என்று கரை வழியே செல்லுந்தோறும் இதே காட்சி தொடரும். கற்றோர் உலகம் கொழும்புத்துறையை யோகர் சுவாமிகள் வாழ்ந்த ஊராக அறியும். உதைபந்தாட்டத்தோடு சேர்த்து அதனை எண்ணுவார் அரியர். இச்சிறுவருள் ஒருவன் உண்மையில் ஆற்றல் மிக்கவனாக வளர்ந்தால், அவன் இலங்கைத் தேசிய அணியை அடைவதற்கு எந்தப் பாதை உண்டு? இவ்வினாவுக்கு நேர்மையாக விடை தேடுவோர், தேசிய அணி என்ற பெயரையே ஐயுற வேண்டிய நிலைக்கு வந்து சேர்வர்.

இலங்கையில் உதைபந்தாட்டத்துக்கென ஒரு தேசிய அமைப்பு 1939 இல் தோன்றியது. 1952 இல் அது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபாவில் உறுப்புரிமை பெற்றது. 1972 இல் நாட்டின் பெயர் மாறியபோது அணியின் பெயரும் மாறிற்று. ஏழு தசாப்தங்களைக் கடந்த இவ்வரலாற்றிற் பெருமையுடன் எடுத்துரைக்கத்தக்க வெற்றிகள் மிகச் சில. 1995 இல் கொழும்பில் நிகழ்ந்த தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவை ஒரு கோலினால் வென்றமை அவற்றுள் தலையாயது. 2006 இல் ஆசிய சவாற் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று, தஜிகிஸ்தானிடம் நான்கு கோல்களாற் தோற்றமை மற்றொன்று. பின்னர் நிகழ்ந்தது சரிவே. 2019 ஒக்ரோபரில் தென்கொரியா எட்டுக் கோல்களைப் போட்டது. இலங்கை ஒன்றேனும் போடவில்லை. இருநூற்றுப் பதினொரு உறுப்பு நாடுகளைக் கொண்ட உலகத் தரவரிசையில் அணி இருநூறாம் இடத்துக்கும் கீழே இறங்கிற்று.

இச்சரிவுக்குக் காரணம் கூறுவோர் பணமின்மை என்பர். துடுப்பாட்டத்தின் மேலாதிக்கம் என்பர். நிருவாகிகளின் பூசல் என்பர். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள உண்மையை எவரும் வாய்விட்டுக் கூறுவதில்லை. உதைபந்தாட்டத்தை உயிராக நேசிக்கும் மக்களுள் ஒரு பெரும் பகுதியினரை எண்ணாது விட்டுவிட்டே இந்த அணி நெடுங்காலமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்துள்ளது. அணியின் வறுமை இங்கிருந்தே தொடங்குகிறது.

2021 இல் ஆரம்பிக்கப்பட்ட சுப்பர் லீக் சுற்று இதற்குத் தக்க சான்றாகும். நாட்டின் முதலாவது தொழின்முறைச் சுற்று என்ற ஆரவாரத்துடன் தொடங்கிய அதிற் பத்துக் கழகங்கள் இடம்பெற்றன. கொழும்பும் அதனைச் சூழ்ந்த மேற்குக் கரையும் அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கொண்டிருந்தன. மலையகத்தின் பெயர் தாங்கியும் ஒரு கழகம் இருந்தது. வடக்கிலிருந்து ஒன்றில்லை, கிழக்கிலிருந்தும் ஒன்றில்லை. ஆனால் விமானப்படையின் புளூ ஈகிள்ஸ், தரைப்படையின் டிபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ் என முப்படைகளுக்கும் மூன்று இடங்கள் இருந்தன. இரண்டு மாகாணங்களுக்கு ஓரிடமும் இல்லாத சுற்றில் ஆயுதப் படைகளுக்கு மூன்றிடம்! இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

படைக் கழகங்களின் வீரர் திறமையற்றோர் என்பது இங்கு கருத்தன்று. வறிய குடும்பத்து இளைஞனுக்கு விளையாட்டை மட்டும் நம்பி வாழ முடியாத நாட்டிலே, மாதச் சம்பளம், உணவு, உறைவிடம், பயிற்சி ஆகியவற்றை ஒருங்கே அளிக்க வல்லன படைகளே. கிராமத்துச் சிங்கள இளைஞன் ஒருவனுக்கு அது வாழ்வின் வாயிலாக அமைந்தது. கொழும்புத்துறை இளைஞனுக்கோ அவ்வாயில் பல தசாப்தங்களாக அடைபட்டே கிடந்தது. தன் ஊரைச் சுற்றி முட்கம்பி இட்ட படையிற் சேர்ந்து பந்தாடுவது அவனுக்கு எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்றாயிற்று. கொழும்புக் கழகங்களின் வாயிலோ 1983 இன் பின்னர் அச்சத்தினால் அடைபட்டது. இரண்டு வாயில்களும் மூடிய பின்னர், வடக்கிலிருந்து வீரர் வருவதில்லையே என்று வியப்பது நேர்மையாகுமா? தடைகள் அனைத்தையும் தாண்டித் தேசியச் சீருடை அணிந்த வடபுலத்து வீரர் சிலர் உளர். அவர்களைக் காட்டிப் பாதை திறந்தே இருக்கிறது என வாதிடுவோர், மதிலேறிக் குதித்தவனைக் காட்டி வீட்டுக்குக் கதவு உண்டென்று கூறுவோரை ஒப்பர்.

1995 ஆம் ஆண்டை மீண்டும் நோக்குதல் தகும். அவ்வாண்டின் முற்பகுதியில் தேசிய அணி தன் வரலாற்றின் மிகப்பெரிய கிண்ணத்தைக் கொழும்பில் உயர்த்திற்று. அதே ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகரும் வலிகாமமும் ஓரிரவில் வெறுமையாயின. இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். ஒரே நாடு என்று சொல்லப்பட்ட நிலத்தில் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை இவை. கிண்ணத்தை வென்ற வீரர்மீது குற்றமில்லை. ஆயினும் அந்த வெற்றி முழு நாட்டினதும் வெற்றி என்று எழுதும் வரலாற்றாசிரியன், அப்பாலத்திற் குழந்தையைத் தோளிற் சுமந்து சென்றவனையும் அந்த நாட்டினுள் அடக்கியே எழுதினானா என்பது கேட்கற்பாலது.

யாழ்ப்பாண நகரின் துரையப்பா விளையாட்டரங்கின் கதையும் இத்தகையதே. 1975 இற் கொல்லப்பட்ட நகர முதல்வரின் பெயர் தாங்கிய அந்த மைதானத்தைத் திருத்துவதற்காகத் தோண்டியபோது, 1999 இல் மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பின்னர் அது புனரமைக்கப்பட்டு 2016 யூனில் திறக்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது இந்திய அரசு. வடபுலத்து இளைஞர் ஓடி ஆடுவதற்குரிய தலையாய மைதானத்தைச் செப்பனிட அயல்நாட்டின் உதவி வேண்டியிருந்தது என்பதே, கொழும்பின் கணக்கேட்டில் இந்நகர் பெற்ற இடத்தைத் தெளிவாகக் காட்டும்.

சிறிய நாடு, வறிய நாடு, இதனால் என்ன இயலும் என்று கையை விரிப்போருக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து ஒரு விடை வந்திருக்கிறது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் மேற்கு ஆபிரிக்காவுக்கு அப்பாலுள்ள கேப் வேர்டே ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்களைக் கொண்ட தீவுக் கூட்டம். யாழ்ப்பாண மாவட்டம் ஒன்றின் மக்கள்தொகையே அதனினும் அதிகம். மழை பொய்க்கும் வறண்ட நிலம். பஞ்சங்களால் மக்கள் மாண்ட நிலம். கடல் கடந்து சென்றவர்களின் தொகை ஊரிலிருப்போரின் தொகையை விஞ்சும்; அவர்கள் அனுப்பும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் பல. இவ்வளவில் யாழ்ப்பாணத்தவருக்கு இவ்வருணனை அந்நியமாகத் தோன்றாது. 1975 இற் போர்த்துக்கலிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு 1986 இல்தான் பீபாவிற் சேர்ந்தது. அதாவது இலங்கைக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் பிந்தி. 2013 இல் முதன்முறையாக ஆபிரிக்கக் கிண்ணத்திற் கலந்து காலிறுதி வரை சென்றது. 2025 ஒக்ரோபரிற் கமரூனைப் பின்தள்ளித் தன் பிரிவில் முதலிடம் பெற்று, 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது.

அவர்கள் செய்தது யாது? மக்கள் வாழும் ஒன்பது தீவுகளிலும் சுற்றுப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றில் வென்ற கழகங்களே நாட்டின் கிண்ணத்துக்காக ஒன்றோடொன்று மோதுகின்றன. தலைநகரிலிருந்து எத்துணை தொலைவாயினும், எத்துணை சிறிதாயினும், எந்தத் தீவும் கணக்கில் விடுபடுவதில்லை. அடுத்து, புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளைப் போர்த்துக்கல், நெதர்லாந்து, பிரான்சு எங்கும் தேடி அழைத்தனர். டப்ளினிற் பிறந்த ரொபேர்ட்டோ லோப்பெஸ் என்னும் வீரரைப் பயிற்றுநர் இணையவழித் தொழிற்றளமொன்றின் ஊடாகத் தொடர்புகொண்டு அழைத்த செய்தி உலகறிந்தது. ஊரில் விளைந்ததையும் ஊர்விட்டுப் போனதையும் ஒருங்கே சேர்த்தமையால் அவ்வணி தேசிய அணி என்ற பெயருக்குத் தகுதியுடையதாயிற்று.

இலங்கையும் அண்மைக் காலத்தில் வெளிநாடுகளிற் பிறந்த வீரரை நாடத் தொடங்கியுள்ளது. அதனாற் பயனும் கிடைத்துள்ளது; 2024 இற் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்கு முன்னேறியது. இவ்வீரருள் ஐரோப்பாவிற் பிறந்த தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகளும் உளர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இதன் உட்பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எரிந்த வீட்டை விட்டு ஓடியவர்களின் மகன் குளிர் நாடொன்றிற் பயிற்சி பெற்று வந்தபின் நாட்டுக்கு வேண்டியவனாகிறான்; ஓடாமல் ஊரிலே நின்றவனின் மகனோ கொழும்புத்துறைக் கரையில் இன்னமும் கற்களுக்கிடையே பந்து உதைக்கிறான். கேப் வேர்டே இரண்டு கைகளாலும் செய்ததை இலங்கை ஒரு கையாற் செய்ய முயல்கிறது. வெளியிலிருந்து வாங்கிய வெற்றி ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாது.

விளையாட்டிலே அரசியலைக் கலக்கலாகாது என்று உபதேசிப்போரும் உளர். அவர்கள் அதனை முதலிற் கொழும்பிலுள்ளோர்க்கு எடுத்துரைப்பது நன்று. உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தேர்தற் பூசலும் அரசின் தலையீடும் முற்றியமையால் 2023 சனவரியிற் பீபா இலங்கையை இடைநிறுத்திற்று. ஓகஸ்ட் மாதத்திலேயே அத்தடை நீங்கிற்று. பதவிக்காக ஆட்டத்தையே நிறுத்திவைக்கும் அரசியலைச் சகித்தவர்கள், ஓரிடம் கேட்கும் வடபுலத்தானின் குரலை மட்டும் அரசியல் என்று ஒதுக்குவது என்ன நியாயம்? அதற்கு முன்னர், 2021 நவம்பரிற் கொழும்பில் நிகழ்ந்த நான்கு நாடுகள் போட்டியில், ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களே வாழும் ஆபிரிக்கத் தீவான சீசெல்ஸ் இலங்கையைத் தண்ட உதைகளில் வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நாட்டுக்கு அது தோல்வி மட்டுமன்று, எச்சரிக்கையுமாகும்.

எனினும் குற்றம் முழுவதையும் கொழும்பின் தலையிற் சுமத்திவிட்டு யாழ்ப்பாணத்துக் கற்றோர் கைகழுவுதல் ஆகாது. 1904 முதல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றுவரும் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டத்தை வடக்கின் பெரும்போர் என்று கொண்டாடும் சமூகம், பாசையூர் சென் அன்ரனீசும் குருநகர் பாடும்மீனும் மோதும் ஆட்டத்தைக் கரையாரின் கூச்சலாகவே நோக்கிற்று. வெள்ளைக் காற்சட்டை அணிந்து ஆடும் ஆட்டம் உத்தியோகத்துக்குப் போகும் பிள்ளைக்குரியது என்றும், வெறுங்காலுடன் ஆடும் ஆட்டம் கடலுக்குப் போகும் பிள்ளைக்குரியது என்றும் ஒரு பிரிவினை இங்கு எழுதப்படாத சட்டமாக நிலவியது. சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி பார்க்கும் சாதுரியம் இதுவன்றோ? புனிதர்களின் பெயர் தாங்கிய கரையோரக் கழகங்கள் பங்குக் கோவிலின் துணையாலும் மீனவர் கைக்காசாலும் உயிர் வாழ்ந்தன. ஊர்ப் பெரியோரின் ஆதரவால் அன்று. தன் ஊர்ப் பிள்ளையையே எண்ணாத சமூகம், தன்னைக் கொழும்பு எண்ணவில்லை என்று முறையிடும்போது அக்குரலில் வலுவிருப்பதில்லை.

ஆதலாற் செய்யவேண்டியன தெளிவானவை. நாட்டின் முதனிலைச் சுற்றில் வடக்கினதும் கிழக்கினதும் வெற்றிக் கழகங்களுக்கு உரிமையாக இடம் வழங்கப்படல் வேண்டும், சலுகையாக அன்று. தேசிய அணிக்கான தேர்வுகள் ஆண்டுதோறும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடைபெறல் வேண்டும். படையிற் சேராமலே ஒரு வீரன் பயிற்சியும் ஊதியமும் பெறுவதற்கு மாகாண மட்டத்தில் வழி காணப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் துடுப்பாட்டத்துக்குச் சொரியும் பணத்தில் ஒரு பங்கையேனும் கரையோரப் பள்ளிகளின் மைதானங்களுக்கு ஈதல் வேண்டும். பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவரும் தம் ஊர்க் கழகங்களின் வரலாற்றை எழுதி வைத்தல் வேண்டும், எழுதப்படாதவர்கள் எண்ணப்படுவதில்லை.

ஒரு நாட்டின் அணி என்பது, அந்நாடு யார் யாரைத் தன் மக்களாகக் கொள்கிறது என்பதைக் காட்டும் பெயர்ப் பட்டியலாகும். கேப் வேர்டே மக்கள் தம் பட்டியலிற் சிறு தீவையும் விடவில்லை. கடல் கடந்தோரையும் விடவில்லை. இலங்கையின் பட்டியலிற் கொழும்புத்துறைக் கரைக்கு உரிய இடம் கிடைக்கும் நாளில்தான் அவ்வணி தேசிய அணியாகும். அதுவரை அது கொழும்பின் அணியே. நாட்டின் பெயரைக் கடனாகப் பெற்ற அணியே.