மணலை மறித்தால் ஊர் போகும்!

வல்லம் வட்டாரத்து விவசாயி ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்: "மேல்மடையில் வாய்க்காலை அடைத்துவிட்டால் என்ன ஆகும்?"

"கடைமடை காயும்" என்று உடனே சொல்வார்.

நம் மாவட்டத்துக் கடலோரத்தில் நடப்பதும் அதுதான். அங்கே அடைபட்டது தண்ணீர் அல்ல, மணல்!

மணல் ஓடுமா?

ஓடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போவதே அதிகம். போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்தால்தான் கரை நிலைக்கும்.

1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் நீட்டப்பட்டன. மணலின் வழி அடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் மணற்கரை மறைந்தது.

நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். நகரம் தப்பியது. அரிப்போ இன்னும் வடக்கே நகர்ந்தது! கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய நம் மாவட்டத்து ஊர்களைக் கடல் அரித்தது. கரை போனால் மீனவர் படகை எங்கே ஏற்றுவார்? வலையை எங்கே உலர்த்துவார்?

இது புதுக் கதை அல்ல. சென்னை மெரினாவின் அகன்ற மணற்பரப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய துறைமுகம் மறித்த மணலால் விரிந்தது. அதே துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போயிற்று.

விஞ்ஞானிகள் சொல்வது என்ன?

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டது. இந்தியக் கடற்கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுவதாக அது கண்டது.

கடல்மட்டமும் உயர்கிறது. 1901-இலிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், உயர்ந்துவிட்டது. மணல் இழந்த கரைக்கு இது இரட்டை ஆபத்து.

வழி இல்லாமல் இல்லை. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் புதுச்சேரி தலைமைச் செயலகத்தின் எதிரே, கடலுக்கடியில் அலையின் வேகத்தை அடக்கும் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். பல ஆண்டுகளாகக் கல் மட்டுமே கிடந்த இடத்தில் மறுபடியும் மணல் சேர்ந்தது. குழந்தைகள் ஓடி விளையாடினார்கள்!

நகரத்துக்குக் கிடைத்த நன்மை குப்பத்துக்கும் கிடைக்க வேண்டாமா? துறைமுக வாயிலில் தூர்வாரும் மணலை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஊருக்கு ஊர் கல் கொட்டுவது, நம் வீட்டு வெள்ளத்தை அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிடுவது போலத்தான்.

புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லைக்கோடு உண்டு. மணலுக்கு அது தெரியாது. இரண்டு அரசாங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து, விஞ்ஞானிகளின் கணக்கைக் கேட்டு, ஒரே திட்டம் போட வேண்டும்.

கடைமடைக்கும் தண்ணீர் விடுவது நம் ஊர் நியாயம். அந்த நியாயம் கடற்கரைக்கும் வேண்டும்!